தராசுக்கும் முதல் மணிக்கும் இடையில்

உங்கள் தம்பிக்கு 19 வயது, எடை 64 கிலோ, இன்னும் ஒரு வாரத்தில் மாவட்டப் போட்டி. கோச் 60 கிலோ பிரிவில் பெயர் கொடுக்கச் சொல்கிறார். தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்கள் எட்டு, பத்து கிலோ குறைத்துவிட்டு வந்து ஜெயிக்கும்போது, நான்கு கிலோ குறைத்தால் மட்டும் பலம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைக் குறைத்தால் ஆட்டம் பாதிக்குமா என்ற பொதுவான கேள்வியாக இது தெரிந்தாலும், பெரிய வீரர்களுக்குக் கைகொடுக்கும் வழி உங்கள் தம்பிக்கும் கைகொடுக்குமா என்பதையே நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உடற்பயிற்சி உடலியங்கியல் படித்துவிட்டு, பல ஆண்டுகளாக அமெச்சூர் வீரர்களின் உணவையும் எடையையும் கவனித்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பாதிக்கும் என்பதே சுருக்கமான பதில். எவ்வளவு பாதிக்கும் என்பது, குறைந்த எடை உடலின் எந்தப் பகுதியிலிருந்து போனது, எத்தனை நாளில் போனது, தராசிலிருந்து இறங்கியதற்கும் முதல் ரவுண்டு மணி அடிப்பதற்கும் இடையில் எத்தனை மணி நேரம் கிடைத்தது ஆகிய மூன்றையும் பொறுத்தது. முதல் இரண்டையும் பற்றி எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் பேசுகிறார்கள். மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை; என் கணிப்பில் உங்கள் தம்பியின் விஷயத்தைத் தீர்மானிக்கப்போவது அதுதான்.

முதலில் அந்த நான்கு கிலோ எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடர்ந்து பயிற்சி செய்யும் இளைஞர் ஒரு வாரத்தில் ஆரோக்கியமாகக் குறைக்கக்கூடிய கொழுப்பு அரை கிலோ அளவுதான். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் 400 முதல் 500 கிராம் வரை மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே சோறு, சப்பாத்தி, கிழங்கு எல்லாவற்றையும் மூன்று நான்கு நாள் வெகுவாகக் குறைத்தால் ஒரு கிலோவோ அதற்குச் சற்று மேலோ இறங்கும். நார்ச்சத்து குறைந்த உணவை இரண்டு மூன்று நாள் சாப்பிட்டால் குடலில் தேங்கியிருப்பது குறைந்து இன்னும் அரை கிலோ போகும். இவையெல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ இரண்டே கால் கிலோதான் ஆகிறது. மீதி ஒன்றே முக்கால் கிலோவை வியர்வையாகத்தான் வெளியேற்ற வேண்டும். அது அவருடைய உடல் எடையில் 2.7 சதவீதம்.

இந்தச் சதவீதத்தை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு மேல் நீரை இழந்தால் தாக்குப்பிடிக்கும் திறன் குறையத் தொடங்குகிறது என்பது, குறிப்பாக வெப்பமான சூழலில், பலமுறை சோதித்து உறுதிசெய்யப்பட்ட விஷயம். வியர்வை இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து வருவதால் இரத்தத்தின் கொள்ளளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் இரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. தோலுக்குப் போய் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய இரத்தத்திலும் பற்றாக்குறை ஏற்படுவதால், ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிய வண்டி மேட்டில் ஏறுவதைப் போல உடல் விரைவில் சூடாகிறது. கிளைக்கோஜன் ஏற்கெனவே காலியாகியிருந்தால், முழு வேகத்தில் அடித்து, விலகி, மறுபடி அடிக்கும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கான எரிபொருளும் இல்லாமல் போகிறது.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு குத்தை முழுப் பலத்துடன் விடும் திறன் இந்த அளவு நீரிழப்பில் பெரிதாகக் குறைவதில்லை. அதனால்தான் எடை குறைத்த மறுநாள் பேக்கில் நாலு குத்து விட்டுப் பார்த்துவிட்டு, ‘பவர் அப்படியேதான் இருக்கிறது’ என்று வீரரும் கோச்சும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அமெச்சூர் போட்டி என்பது மூன்று நிமிடங்கள் வீதம் மூன்று ரவுண்டுகள். இழப்பு தெரியத் தொடங்குவது இரண்டாவது ரவுண்டின் நடுவில். கூடத்தின் ஓரத்தில் நின்று கவனித்தால் அதை யாரும் கண்டுகொள்ளலாம். ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து, போகும்போது சரியாகவே போகும். திரும்பும்போது கன்னத்துக்கு வராமல் மார்பு உயரத்திலேயே நின்றுவிடும். முன்பாதத்தில் நின்று ஆடியவர் குதிகாலை ஊன்றத் தொடங்குவார். அடித்துவிட்டு விலகுவதற்குப் பதிலாக எதிராளியின் மேல் சாய்ந்து கட்டிப்பிடிப்பார். இடைவேளையில் கோச் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கண் கோச்சின் முகத்தில் இருக்காது, தண்ணீர் பாட்டிலின் மேல் இருக்கும். தூரத்தைக் கணிப்பதிலும் குத்து வருவதைப் பார்த்துத் தலையை நகர்த்துவதிலும் ஏற்படும் சிறு தாமதம், பலக்குறைவைவிட அதிகமாகப் புள்ளிகளை இழக்கவைக்கிறது என்பது என் அனுபவம். இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனித் தொழில்முறை வீரர்களுக்கு வருவோம். அவர்களுக்குப் போட்டிக்கு முந்தைய நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். தராசிலிருந்து இறங்கிய பிறகு ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. முன்பு போட்டி நாளன்றே எடை பார்ப்பதுதான் வழக்கம். 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டக் கூ மூளையில் இரத்தக்கசிவால் இறந்ததற்குப் பிறகு, பாதுகாப்பு விதிகள் பலவும் மறுபரிசீலனை செய்யப்பட்டன. உலகப் பட்டப் போட்டிகளை 15 ரவுண்டுகளிலிருந்து 12 ஆகக் குறைக்கும் மாற்றம் அப்போதுதான் தொடங்கியது. எடைபார்ப்பு முந்தைய நாளுக்கு நகர்ந்ததும் 1980களில்தான். நீரிழப்போடு யாரும் ரிங்கில் ஏறக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. நடந்தது என்னவென்றால், ஒரு முழு நாள் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வீரர்கள் முன்பைவிட அதிகமாகக் குறைக்கத் தொடங்கினார்கள்.

அதன் விளைவை 2000 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பார்க்க முடிந்தது. அர்துரோ காட்டி, ஜோயி கமாஷ் இருவரும் 141 பவுண்டு, அதாவது 64 கிலோ வரம்பில் மோத ஒப்புக்கொண்டிருந்தார்கள். போட்டி நேரத்தில் காட்டி 160 பவுண்டும் கமாஷ் 145 பவுண்டும் இருந்தார்கள். எடைபார்ப்புக்குப் பிறகு ஒருவர் ஏறத்தாழ எட்டரை கிலோ ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாவது ரவுண்டில் கமாஷ் வீழ்ந்தார். மூளைப் பாதிப்பால் அவருடைய ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. ‘குறைத்துவிட்டு வந்து ஜெயிக்கிறார்கள்’ என்று நீங்கள் சொல்வதற்கு இது ஒரு சரியான உதாரணம். ஆனால் அங்கே ஜெயித்தது எடைக்குறைப்பு என்பதைவிட, குறைத்ததைத் திரும்ப ஏற்றிக்கொள்ளக் கிடைத்த கால அவகாசம் என்றே நான் சொல்வேன்.

அவகாசம் இருந்தும் கைகொடுக்காத உதாரணமும் உண்டு. 2008 டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயா, மானி பாக்கியாவோவுடன் 147 பவுண்டு பிரிவில் மோதினார். 2001க்குப் பிறகு அவர் அந்த எடைக்கு இறங்கியதில்லை. எடைபார்ப்பில் அவர் காட்டியது 145 பவுண்டு, வரம்பைவிடவும் 2 பவுண்டு குறைவு. மறுநாள் ரிங்கில் ஏறும்போது 147தான் இருந்தார். எடைபார்ப்பில் 142 இருந்த பாக்கியாவோ ரிங்கில் 148.5 ஆகியிருந்தார். அதாவது உயரமும் உடலமைப்பும் பெரியவராக இருந்த டி லா ஹோயா, மணி அடித்தபோது சிறியவரைவிட எடை குறைந்தவராக நின்றார். எட்டு ரவுண்டுகள் ஒருதலைப்பட்சமாக அடி வாங்கிவிட்டு, ஒன்பதாவது ரவுண்டுக்கு முக்காலியிலிருந்து எழவில்லை. அவருக்கு அப்போது 35 வயது, எதிரில் இருந்தவர் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர்; ஆகவே எல்லாவற்றையும் எடையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் நீண்ட நாள் பட்டினி கிடந்து வற்றிய உடல் ஒரு நாளில் திரும்புவதில்லை என்பதற்கு அந்த எண்களைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அமெச்சூர் ஆட்டத்தில் அந்த ஒரு நாளும் கிடையாது. ஒலிம்பிக் பாணிப் போட்டிகளில் ஆடும் நாளன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் ரிங்கில் ஏறியாக வேண்டும். இன்று ஜெயித்தால், அடுத்த ஆட்ட நாளன்று காலையில் மறுபடியும் அதே தராசு. ஆகவே ஒரு முறை தண்ணீரை வற்றவைத்துவிட்டுப் பிறகு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது; இறுதிப் போட்டி வரை அரைகுறை நீரிழப்பிலேயே ஆட வேண்டியிருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் சீனாவின் வூ யூவிடம் 0–5 என்று தோற்ற இந்திய வீராங்கனை நிகத் ஜரீன், எடைக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததாகவும், எடை பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்ததாகவும், உடல் தேறுவதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் ஆட்டம் முடிந்ததும் கண் கலங்கிச் சொன்னார். 2022இல் 52 கிலோவில் உலகப் பட்டம் வென்றவர் அவர். ஆனால் வூ யூவும் 52 கிலோவில் உலகப் பட்டம் வென்றுவிட்டு 50க்கு இறங்கி வந்தவர்தான். அவர் அதே எடையில் தங்கமும் வென்றார். ஒரே பிரிவுக்கு இறங்கிய இருவரில் ஒருவர் தங்கம் வென்றார், மற்றவர் தொடக்கத்திலேயே வெளியேறினார். தோல்விக்கு எடை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அது மட்டுமே காரணம் என்று வெளியிலிருந்து சொல்ல யாராலும் முடியாது.

இதற்கு நேர்மாறாக, 2018இல் போலந்தில் நடந்த ஒரு போட்டிக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்த மேரி கோம், 48 கிலோ பிரிவுக்கு இரண்டு கிலோ கூடுதலாக இருந்ததையும், சுமார் நான்கு மணி நேரத்துக்குள் ஸ்கிப்பிங் செய்தே அதைக் குறைத்து எடைபார்ப்பில் தேறியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் போட்டியில் அவர் தங்கம் வென்றார். பயிற்சிக்கூடங்களில் இந்தக் கதையை அடிக்கடி ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பல ஆண்டுகள் அதே எடையில் ஆடிப் பழகிய, ஐந்து முறை உலகப் பட்டம் வென்றிருந்த ஒருவருடைய உடலும் திறமையும் அன்றைக்குத் தாங்கின. முதல்முறையாக 60க்கு இறங்கப்போகும் 19 வயதுக்காரருக்கு அதை அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

உறுதியாகத் தெரியாத பகுதிகளையும் சொல்லிவிட வேண்டும். ரிங்கில் நடப்பதை ஆய்வுக்கூடத்தில் அளப்பது கடினம். குத்துச்சண்டை வீரர்களை வைத்துச் செய்யப்பட்ட நீரிழப்புச் சோதனைகள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்டவை. சராசரியாகத் திறன் குறைந்தாலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம். ஒரு சிறு சோதனையில் நீரிழந்த பிறகு கூடுதலாகவே செய்து காட்டியவர்கூட உண்டு. எடைபார்ப்புக்குப் பிறகு அதிகமாக எடை ஏற்றிக்கொண்டவர்கள் அதிகமாக ஜெயிக்கிறார்களா என்று பார்த்த ஆய்வுகளில், ஜூடோவில் அப்படிப்பட்ட தொடர்பு தெரிந்திருக்கிறது. அமெச்சூர் குத்துச்சண்டையில் தெரியவில்லை. இதற்கு நான் தரும் விளக்கம், பிடித்துத் தள்ளும் ஆட்டத்தில் உடல் எடை நேரடியாக உதவுகிறது, தூரத்தையும் காலசைவையும் நம்பிய ஆட்டத்தில் அந்த அளவுக்கு உதவுவதில்லை என்பதுதான். இது ஊகம், நிரூபணம் அல்ல. ஆனால் உங்கள் கோச்சின் திட்டத்துக்கு அடிப்படையாக இருக்கும் ‘சின்ன ஆட்களோடு ஆடினால் லாபம்’ என்ற எண்ணத்துக்கு நம்முடைய ஆட்டத்தில் உறுதியான ஆதாரம் இல்லை என்பதையாவது இது காட்டுகிறது.

மூளை பற்றிய சந்தேகம் இதைவிட முக்கியமானது. நீரிழப்பில் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அளவு மாறுகிறது, அந்த நிலையில் தலையில் வாங்கும் அடி இரத்தக்கசிவுக்கு எளிதில் வழிவகுக்கும் என்று பலர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கோட்பாட்டளவில் அது நம்பத்தகுந்ததே. மனிதர்களிடம் நேரடியாக நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. கிம் டக் கூவும் எடைக்கு வரப் பெரும்பாடுபட்டதாகப் பேசப்பட்டது. அதுதான் அவர் இறந்ததற்குக் காரணம் என்று சொல்லச் சான்று இல்லை. நிரூபிக்கப்படவில்லை என்பதால் தைரியமாக இறங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். தலையைத் தாமதமாக நகர்த்துபவர் அதிகக் குத்து வாங்குவார் என்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

எடைக்குறைப்பே ஆளைக் கொல்லக்கூடும் என்பதிலோ சந்தேகத்துக்கு இடமில்லை. 1997இன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு சூடான அறையில் உடற்பயிற்சி செய்து எடை இறக்கும் முயற்சியில் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அங்கே அந்த உடைகள் தடைசெய்யப்பட்டன, எடைபார்ப்பும் ஆட்டத்துக்கு நெருக்கமாக நகர்த்தப்பட்டது. நம்முடைய போட்டிகளில் இன்றும் எடை நாளன்று விடியற்காலையில், மணிக்கட்டில் டேப் சுற்றிய பிளாஸ்டிக் உடையில், உதடு வெளுத்து, சூயிங்கம் மென்று பாட்டிலில் துப்பிக்கொண்டே ஸ்கிப்பிங் போடும் பையன்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு 18 வயதுகூட ஆகியிருக்காது. வளரும் வயதில் நீரை வற்றவைத்து எடை குறைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால் ஆதரிக்க முடியாது.

உங்கள் தம்பிக்கு என் பரிந்துரை, இந்தப் போட்டியில் 65 கிலோ பிரிவில் ஆடட்டும் என்பதே. அதற்கும் விலை உண்டு. 68இலிருந்து இறங்கி வந்தவர்கள் எதிரில் நிற்பார்கள், கைநீளத்தில் அவர்களுக்குச் சாதகம் இருக்கலாம். ஆனால் அவர்களும் அன்று காலை தராசு ஏறியவர்கள்தான்; முழு வயிறும் முழு மூச்சுமாக வரும் 64 கிலோ வீரர், மூன்றாவது ரவுண்டில் அவர்களைவிட நன்றாக நிற்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. 60 கிலோதான் அவருடைய எதிர்காலப் பிரிவு என்று கோச் உறுதியாக நினைத்தால், அடுத்த போட்டிக்கு எட்டு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மிகாமல் கொழுப்பைக் குறைத்து 61.5 அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், மீதி ஒன்றரை கிலோவைக் கடைசி மூன்று நாளில் நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் உப்பையும் சற்றுக் குறைத்தே இறக்கிவிடலாம். வியர்வைக்கு அநேகமாக வேலையே இருக்காது. குறைக்கக் கொழுப்பே இல்லாத ஒல்லியான உடல் என்றால் இந்தத் திட்டமும் வேண்டாம்.

எடை பார்த்து முடித்ததும் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பது தவறு. பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். வியர்வையில் இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, ஓ.ஆர்.எஸ். கரைசலாகச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். கூடவே உப்பிட்ட கஞ்சி, இட்லி, வாழைப்பழம் போன்று எளிதில் செரிக்கும் மாவுச்சத்து போதும். எண்ணெயும் பருப்பும் அதிகம் வேண்டாம். ‘டிரிப்ஸ் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணங்கள் இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி குற்றம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும் தடைசெய்யப்பட்டவை. எடை குறைக்கும்போது வியர்ப்பது நின்றுபோனாலோ, பேச்சு குழறினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு உடலைக் குளிர்வித்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேல் சொல்வது என் தகுதிக்கு உட்பட்டதல்ல.

கோச்சோடு இதைப் பேசும்போது வாக்குவாதத்துக்குப் போகாமல் ஒரு ஒத்திகை கேளுங்கள். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, 61.5க்கு வந்த பிறகு, ஒருநாள் காலை ஏழு மணிக்கு 60 கிலோவுக்கு இறங்கித் தராசு ஏறட்டும். போட்டியில் கிடைக்கும் அதே சில மணி நேரம் மட்டும் குடித்துச் சாப்பிட்டுவிட்டு, தலைக்கவசத்துடன், தன்னைவிடச் சற்று வேகமான ஒருவரோடு மூன்று ரவுண்டு லேசான ஸ்பாரிங், அதாவது பயிற்சி ஆட்டம், ஆடட்டும். மூன்றாவது ரவுண்டை வீடியோ எடுத்து, அவர் 64 கிலோவில் இருந்தபோது ஆடிய மூன்றாவது ரவுண்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாப் எங்கே திரும்பி வருகிறது, குதிகால் எப்போது தரையில் பதிகிறது என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும்.